வீட்டுக் கணினிக்கு எந்தக் காவல்?

(வட்டார வள மையப் பயிற்சி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், எமிஸ் பதிவு என்று பள்ளி வேலையில் பாதி இப்போது நம் வீட்டுக் கணினியில்தான் நடக்கிறது. அதனால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "சார், எந்த யு.பி.எஸ். வாங்கலாம்?" என்பது. "உங்கள் வீட்டுக் கரண்டுக்கு என்ன கோளாறு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் விழிப்பார்கள். நோயைச் சொல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரை கேட்க முடியாதல்லவா?

கோளாறு நான்கு வகை. கரண்ட் போவது ஒன்று. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170 வருவது இன்னொன்று. கண்ணிமைப்பதற்குள் வந்து போகும் திடீர்ப் பாய்ச்சல், அதாவது சர்ஜ், மூன்றாவது. நிமிடக் கணக்கில் நீடிக்கும் உயர் அழுத்தம் நான்காவது. நான்குக்கும் ஒரே பெட்டி மருந்தாகாது.

கரண்ட் போவதை முதலில் பார்ப்போம். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினிக்குத்தான் யு.பி.எஸ். தேவை. அதுவும் எதற்கு? திறந்திருக்கும் கோப்பைச் சேமித்து, கணினியை முறையாக அணைக்க. நாள் முழுக்க வேலை செய்வதற்கு அல்ல.

வகுப்பில் போடும் கணக்கையே போட்டுப் பாருங்கள். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. கணினியும் எல்இடி திரையும் சேர்ந்து 120 வாட் எடுத்தால், தாளில் 42 நிமிடம். ஆனால் இவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது பேட்டரி தன் முழுத் திறனைத் தராது. மாற்றும்போதும் இழப்பு உண்டு. கால் மணி, இருபது நிமிடம் கிடைத்தால் நல்ல பேட்டரி. கோப்பைச் சேமிக்க அது தாராளம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது வி.ஏ. நீங்கள் பார்க்க வேண்டியது வாட். 600 வி.ஏ. என்று போட்டிருந்தால் அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடாகும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும், யு.பி.எஸ். கத்திவிட்டு நின்றுபோகும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது வாங்கியவர்கள் நம்மில் பலர். அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். சதுர அலை தரும் பழைய வகையில் சில கணினிகள் நின்றுவிடும். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். நிலைக்கு மாற்ற ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். மின்சாரம் அறுந்த பிறகு கணினியின் பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி செகண்ட். நம் மின்சாரத்தில் ஓர் அலைக்கே 20 மில்லி செகண்ட் ஆகிறது! அதற்குள் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள வேண்டும். அந்த சுவிட்சைச் சரியாக வைத்தால் சிலருக்குத் தனி யு.பி.எஸ். செலவே மிச்சம்.

குறைந்த அழுத்தம் கிராமத்து வீடுகளின் நோய். மும்முனை மின்சாரம் வந்து பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும் டியூப் லைட் சிமிட்டினால் உங்களுக்கும் அதுதான். லைன் இன்டராக்டிவ் வகை யு.பி.எஸ். வாங்குங்கள். அதற்குள்ளேயே அழுத்தத்தை ஏற்றித் தரும் பகுதி உண்டு. தனி ஸ்டெபிலைசர் வேண்டாம்.

இனி சர்ஜ். பக்கத்தில் இடி விழும்போதும், பெரிய மோட்டார் நிற்கும்போதும், போன கரண்ட் திரும்பும்போதும் இது வரும். (அதனால்தான் கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து சற்று நிலைத்த பிறகு போடச் சொல்கிறேன்.) இதற்கு 'ஸ்பைக் பஸ்டர்' என்று கடையில் கேட்கிறோம். அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் பல வெறும் சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். உண்மையான சர்ஜ் காப்பானுக்குள் வேரிஸ்டர் என்ற சிறு வில்லைகள் இருக்கும். சாதாரண அழுத்தத்தில் அவை மின்சாரத்தை விடாது. அழுத்தம் எல்லை மீறினால் வழிவிட்டு, பாய்ச்சலைக் கணினிக்குப் போகாமல் திருப்பிவிடும். எத்தனை ஜூல் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும். எழுதாததை வாங்காதீர்கள். ஒவ்வொரு அடியிலும் வேரிஸ்டர் தேய்கிறது. காப்பு விளக்கு அணைந்தால் மாற்றிவிட வேண்டும்.

திருப்பிவிடும் என்றேனே, எங்கே? பெரும்பகுதி எர்த்துக்கு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ள வில்லை எர்த் இல்லாமலும் வேலை செய்யும். எர்த்தோடு சேர்ந்த மற்றவை சும்மா கிடக்கும். ஆகவே, விலை உயர்ந்த காப்பான் வாங்கி, இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டினால் பாதிக் காசு வீண்.

இதில் உயிர் விஷயமும் இருக்கிறது. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விறுவிறு என்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். பவர் சப்ளைக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் வழியாகக் கசியும் மின்சாரம் போக இடமில்லாமல் பெட்டியில் நிற்கிறது. அந்த அளவு கொல்லாது. ஆனால் உள்ளே ஒரு வயர் உரிந்து பெட்டியில் பட்டால், அடுத்துத் தொடும் பிள்ளையின் உடல்தான் எர்த். த்ரீ பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதே அது முதலில் இணைந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான். அதை ஒடித்துவிட்டு மாட்டும் பழக்கம் பள்ளிகளிலும் இருக்கிறது, பார்த்தால் விடாதீர்கள்.

எர்த்தை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயிண்டிலேயே சேர்த்து முறுக்கிவிட்டு 'எர்த் வந்துவிட்டது' என்பவரை நம்பாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். யு.பி.எஸ்.ஸுக்கு முன்பே எர்த்துக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் கருத்து. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மெயின் போர்டில் போட்டால் வீட்டுக்கே நல்லது.

நான்காவது, தெருவில் நியூட்ரல் அறுவது. வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறலாம். பல்பு கண்ணைப் பறிக்கும், ஃபேன் பேயாய்ச் சுற்றும். வேரிஸ்டர் நொடிப்பொழுதுப் பாய்ச்சலுக்கானது. நிமிடக்கணக்கில் இதைத் தாங்காது, எரிந்துபோகும். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அடிக்கடி நடக்கும் தெரு என்றால், அழுத்தம் கூடியதும் தானே துண்டிக்கும் கருவியை மெயின் போர்டில் பொருத்தலாம்.

நேரடியாக விழும் இடிக்கு எந்தக் கருவியும் ஈடு கொடுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் உறுமத் தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள். நெட்வொர்க் வயரையும் சேர்த்து. ஃபைபரில் ஒளிதான் வருகிறது, ஆனால் அந்த மோடத்தின் அடாப்டர் கரண்டில்தான் இருக்கிறது.

யு.பி.எஸ். பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகளில் களைத்துவிடும். பருவத்துக்கு ஒருமுறை, முக்கியக் கோப்பு எதுவும் திறக்காத நேரத்தில், சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த்தும் போய்விடும். மதிப்பெண் பட்டியலின் பிரதி ஒன்று பென் டிரைவிலும் இருக்கட்டும்.

வீட்டுக் கணினி மாட்டியிருக்கும் பிளக் பாயிண்டைக் கைப்பேசியில் படமெடுத்து வரச் சொல்லியிருந்தேன். எடுத்து வந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.