கங்கைக் கரையில் குடியிருப்பு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



'பெருநகர வாழ்வும் ஓய்வு நேரமும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். புலவர்கள் நிற்க வேண்டிய மேடையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஒரு குமாஸ்தாவை நிறுத்தியிருக்கிறீர்கள். கற்றதைச் சொல்ல எங்களுக்குப் புலமை இல்லை, பட்டதைச் சொல்கிறோம். 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் எங்கள் மனைவியாரையும் சேர்த்தே கொள்க. நடந்த தவற்றில் எம் பங்கு பெரிது. அதனைத் திருத்தியதில் அவர் பங்கு பெரிது.

இந்நகரின் பெயர் 2001 முதல் ஏடுகளில் கொல்கத்தா என்றே வழங்குகிறது. ஆயினும் நம் வீடுகளில் அது இன்றும் கல்கத்தாதான். 2008-ஆம் ஆண்டு கைக்குழந்தையோடு நாங்கள் ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கினோம். கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வந்த மறு மாதமே தென்னாட்டுக்கு மாற்றல் கோரி மனு எழுதினோம். அதன்பின் ஆண்டுதோறும் எழுதினோம். 'எப்படியும் போகப் போகிறவர்கள்தானே' என்று பித்தளைப் பாத்திரப் பெட்டியை அவிழ்க்கவில்லை, கட்டில் வாங்கவில்லை, வங்காளி கற்கவில்லை. எம் உலகம் அலுவலகம். மனைவியார் உலகம் காய்கறிக் கடையும் சமையலறையும். ஞாயிற்றுக்கிழமையானால் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவோம். வெளியே போனால் பணம் செலவாகும், வழி தவறும், மொழி தெரியாது என்று காரணம் மூன்று வைத்திருந்தோம். எங்களைப்போல் வாழ்ந்தவர்கள் இந்த அவையிலும் சிலர் இருக்கக்கூடும்.

இப்படி நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2012-ஆம் ஆண்டு புரட்டாசியில் ஊரிலிருந்து அம்மா வந்தார்கள். தென்காசிப் பக்கத்துச் சிற்றூரைவிட்டு அதிகம் வெளியே போகாதவர்கள். வந்த அன்று மாலை காப்பி குடித்துக்கொண்டே அவர்கள் கேட்ட கேள்வி இன்றும் காதில் ஒலிக்கிறது:

"ஏலே, நாலு வருசமா கங்கைக் கரையில குடியிருக்க. எத்தனை தடவை முங்கிக் குளிச்சே?"

விடை சொல்ல வாய் வரவில்லை. ஹூக்ளி என்று நாம் எழுதும் ஆறு கங்கையேயன்றி வேறன்று. ஊரில் எத்தனையோ பேர் கங்கை நீரைச் செம்பில் அடைத்துக் கொண்டுவந்து, பூசையறையில் வைத்து, உயிர் பிரியும் நேரத்தில் ஒரு துளி வாயில் விடுவதற்குக் காத்திருக்கிறார்கள். அந்த ஆறு எங்கள் அலுவலகத்தின் பின்புறம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளில் ஒருநாளும் அதில் நாங்கள் கால் நனைக்கவில்லை. எங்கள் மனைவியார் அதனைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. அம்மா கேட்டபோது அவர் தலைகுனிந்து உள்ளே போய்விட்டார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் கண்டோம்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் நால்வரும் புறப்பட்டோம். கிதிர்பூர் வரை பஸ். அங்கிருந்து எஸ்பிளனேடுக்கு டிராம். 1902-ஆம் ஆண்டு இந்நகரில் முதல் மின்சார டிராம் ஓடியது அந்தத் தடத்தில்தான் என்பது பின்னர் அறிந்த செய்தி. மைதானத்துப் புல்வெளியின் நடுவே, மர நிழலில், மணியடித்துக்கொண்டு அது அசைந்து சென்றது. 'நம்ம ஊர்த் தேர் மாதிரி போகுதே' என்று அம்மா மகிழ்ந்தார்கள். 2020-இல் வீசிய ஆம்பன் புயலோடு அத்தடம் நின்றுபோயிற்று. இன்று இந்நகரில் மிகச் சில டிராம் தடங்களே எஞ்சியுள்ளன. கண்டு மகிழ வேண்டியதை நாளைக்கு என்று ஒத்திப்போடலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பாபு காட் படித்துறையை அடைந்தோம். இராணி இராஷ்மணி அம்மையாரின் கணவர் 1830-இல் கட்டுவித்தது அது. படிகளில் சேறு வழுக்கியது. அம்மா தயங்கி நின்றபோது, முன்பின் அறியாத ஒரு வங்காளி மூதாட்டி கையைப் பற்றி, "ஆஸ்தே, மா, ஆஸ்தே" என்று மெல்ல இறக்கிவிட்டார். அம்மா தமிழில் பேசினார்கள். அவர் வங்காளியில் பேசினார். பேரப்பிள்ளைகள் எத்தனை என்பதுவரை இருவரும் அறிந்துகொண்டார்கள்! மொழி தெரியாது என்று நான்கு ஆண்டுகள் கதவைச் சாத்தியிருந்த நாங்கள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

குளித்து எழுந்து, படகுத்துறையில் ஏறி ஹௌராவுக்குப் போனோம். 1943-இல் திறக்கப்பெற்ற ஹௌராப் பாலத்தை ஆற்றின் நடுவிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஏறத்தாழ 26,500 டன் எஃகு. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. பிற்பகல் மெட்ரோ இரயிலில் காளிகட்டம் சென்று அன்னையை வணங்கினோம். நிலத்தடியில் மெட்ரோ ஓடிய முதல் இந்திய நகரம், 1984-இல், இந்தக் கல்கத்தாவே. மாலையில் மண் குவளையில் தேநீரும், கடுகெண்ணெய் மணக்கும் ஜால்மூரியும். அன்று முழுவதும் ஆன செலவு நூறு ரூபாயைச் சற்றே தாண்டியது. காரணம் மூன்றும் ஒரே நாளில் பொய்த்தன.

அம்மா இரண்டு மாதம் தங்கினார்கள். ஞாயிறுதோறும் ஓரிடம் சென்றோம். தேசிய நூலகத்தைத் தேடிப் போனோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் அங்கே வந்து சேரவேண்டும். நம் தமிழ் நூல்களும் அவற்றுள் அடங்கும். நவராத்திரி வந்தது. வீட்டில் கொலு வைத்தோம். இரவில் துர்க்கா பூசைப் பந்தல்களைக் காணச் சென்றோம். நம் 'பந்தல்' என்ற சொல்லே ஆங்கிலத்தின் வழியாக இங்கு வந்து 'பேண்டேல்' ஆகியிருக்கிறது. கொலுவைக் காணப் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள் வந்தார்கள்; சுண்டல் கொண்டுபோனவர்கள் மறுநாள் சந்தேஷ் கொண்டுவந்தார்கள். பித்தளைப் பெட்டியை எங்கள் மனைவியார் அவிழ்த்தது அந்த நவராத்திரியில்தான்.

எதிர்க்கரையில் சிவபூரில் 1787-இல் அமைந்த தாவரவியல் தோட்டம் இருக்கிறதல்லவா? அங்குள்ள பேராலமரத்தைக் காண ஒருநாள் சென்றோம். அதன் அடிமரம் நோயுற்றதால் 1925-இல் அகற்றப்பட்டதாம். விழுதுகள் ஆயிரக்கணக்கில் மண்ணைப் பற்றித் தாமே மரமாய் நிற்கின்றன. அம்மா நெடுநேரம் பார்த்திருந்து, "விழுதுன்னா தரையைத் தொடணும்லா" என்றார்கள். எங்களுக்காகச் சொன்னதோ, மரத்தைப் பற்றியே சொன்னதோ, அறியோம்.

2014 தை மாதம் அம்மா ஊரில் காலமானார்கள். இங்கிருந்து அவர்கள் கொண்டுபோன கங்கை நீரே கடைசியில் உதவியது. அவ்வாண்டு நாங்கள் மாற்றல் மனு எழுதவில்லை. ஊரை மறந்தோம் அல்லோம். ஆண்டுக்கொரு முறை போகிறோம். மகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறாள். ஆனால் ஒரு காலை இரயிலில் வைத்துக்கொண்டு வாழ்வதை விட்டுவிட்டோம்.

பெரியோர்களே! இச்சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம் காலனிக்கு இன்றும் புதிய குடும்பங்கள் வருகின்றன. ஆடவர்க்கு அலுவலகம் உண்டு. அவர்களோடு வரும் பெண்களுக்கு என்ன உண்டு? நான்கு சுவர்கள். எந்தக் குடும்பம் வந்தாலும், முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய குடும்பம் ஒன்று அவர்களை அழைத்துக்கொண்டு கங்கைக் கரைக்குப் போகவேண்டும். சங்கத்துக்கு இதில் காசு செலவில்லை. எங்கள் வீடு முதலில் பெயர் கொடுக்கிறது.

2024 மார்ச்சில் கங்கைக்கு அடியிலேயே மெட்ரோ ஓடத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே மூவரும் போனோம். ஆற்றைக் கடக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. "பாட்டி குளிச்ச தண்ணி இப்போ நம்ம தலைக்கு மேல ஓடுது" என்றாள் மகள். வண்டி மறுகரை சேரும்வரை நாங்கள் ஒன்றும் பேசவில்லை.