பெண் கல்வியும் வகுப்பறை நீதியும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

ஆண்டறிக்கையில் கல்விக் குழுவுக்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். நோட்டுப் புத்தகம் வழங்கிய விவரமும் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவிய விவரமும் அதில் உள்ளன. அவற்றை இங்கு மீண்டும் வாசிக்கப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் இடம்பெறாத ஒன்றைப் பற்றிப் பேசவே அனுமதி கேட்டோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் சிறந்த மதிப்பெண் பெற்ற நம் மஹல்லாப் பிள்ளை ஒருத்திக்கு இதே கூட்டத்தில் கேடயம் வழங்கினோம். அவளுடைய அத்தா மேடைக்கு வந்து பெற்றுக்கொண்டார். அதன்பின் அவளிடமிருந்து கல்லூரி உதவிக்கான விண்ணப்பம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்களும் விசாரிக்கவில்லை. அடுத்த ஆண்டு நிக்காஹ் பதிவேட்டில் அவள் பெயரைக் கண்டபோதுதான் நினைவு வந்தது. நிக்காஹ் நல்ல காரியம். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், மேற்கொண்டு என்ன படிக்க விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடம் பள்ளியிலோ வீட்டிலோ இந்தப் பள்ளிவாசலிலோ எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேடயம் கொடுத்த கல்விக் குழுவும் கேட்கவில்லை. இதை எங்கள் குறையாகவே ஒப்புக்கொள்கிறோம்.

முஸ்லிம் பெண்கள் படிக்காததற்கு மார்க்கமே காரணம் என்று வெளியில் பலர் பேசுகின்றனர். அறிஞர்கள் களத்தில் இறங்கி ஆராய்ந்தபோது வேறு செய்தியே கிடைத்தது. சோயா ஹசன், ரிது மேனன் ஆகிய இருவரும் 12 மாநிலங்களில் 40 மாவட்டங்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2004இல் நூலாக வந்தது. பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவதில் வறுமைக்கே பெரும்பங்கு இருப்பதையும், வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். மறு ஆண்டில் டில்லி, அலிகர், கல்கத்தா, ஐதராபாத், கோழிக்கோடு ஆகிய ஐந்து நகரங்களை ஒப்பிட்டு, முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்வி குறித்துத் தனியாக ஒரு நூலையும் வெளியிட்டனர். மார்க்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அப்படியிருக்க, ஊருக்கு ஊர் பெண் கல்வி வேறுபடுமானால், அருகில் பள்ளி உண்டா, அரசு என்ன செய்தது, அந்தந்த ஊர்ச் சமுதாயம் என்ன செய்தது என்றுதானே பார்க்க வேண்டும்?

2006இல் வெளிவந்த நீதியரசர் சச்சார் குழுவின் அறிக்கையும் இதையொட்டியே அமைந்தது. 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளியில் சேராதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றும், பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவை நாடிச் செல்வோர் சுமார் 3 விழுக்காட்டினரே என்றும் அது கூறியது.

இவையெல்லாம் பள்ளியின் வாசல் வரையிலான கணக்கு. நம் ஒதியம்பட்டைப் பொறுத்தவரை அந்த வாசலைப் பெரும்பாலும் தாண்டிவிட்டோம். காலையில் வில்லியனூர்ச் சாலையில் நின்று பார்த்தால், சீருடையில் செல்லும் பெண்பிள்ளைகளின் கூட்டத்தைக் கண்டு மனம் குளிர்கிறது. ஆனால் வாசலைத் தாண்டியபின் வகுப்பறைக்குள் நடப்பது என்ன?

அமெரிக்க நாட்டில் மைரா சாட்கர், டேவிட் சாட்கர் என்ற கல்வியாளர் தம்பதியர் இருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்பறைகளில் அமர்ந்து, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்கிறார், யாருடைய விடையைச் செவிமடுக்கிறார் என்று ஆய்வுக் குழுவினர் குறித்துக்கொண்டு வந்தனர். கையுயர்த்தாமலே எழுந்து விடை சொல்வதில் ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளைவிட எட்டு மடங்கு முந்தியிருந்தனர். இதைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது அடுத்த செய்தி. ஆண்பிள்ளை அவ்வாறு விடை சொன்னால் ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். பெண்பிள்ளை சொன்னாலோ, கையை உயர்த்திவிட்டுப் பேசு என்று திருத்தினார். தாம் பாகுபாடு காட்டுவதை அவ்வாசிரியர்கள் அறிந்திருக்கவும் இல்லை. அவர்களுள் பெண் ஆசிரியர்களும் உண்டு. இந்த ஆய்வை விளக்கும் அவர்களது நூல் 1994இல் வெளிவந்தது.

அப்படியானால் பெண்களுக்கென்றே பள்ளி இருந்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? டில்லி தரியாகஞ்சில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றை ஆராய்ந்து, கல்வியியல் அறிஞர் லதிகா குப்தா 2015இல் ஒரு நூல் எழுதினார். ஆண்பிள்ளைகளின் போட்டி அங்கே இல்லை. ஆயினும் ஏழை வீட்டின் நெருக்கடியும், பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற வீட்டாரின் எதிர்பார்ப்பும் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிக்குள் நுழைந்துவிடுகின்றன. பள்ளியும் அவற்றையே உறுதிப்படுத்துகிறது என்பது அவர் காட்டும் உண்மை. அந்நூலின் எல்லா முடிவுகளோடும் நாம் உடன்பட வேண்டுமென்பதில்லை. மார்க்க ஒழுக்கம் பற்றிய நம் பார்வை வேறு. ஆனால், பள்ளியிலும் வீட்டில் கேட்ட அதே சொல்லைத்தான் பிள்ளை கேட்கிறாள் என்றால், பள்ளி அவளுக்குப் புதிதாக எதைத் தந்தது என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்க இயலாது.

பெண் வாய்திறந்து கேட்பது நம் மரபுக்கு அன்னியமானதன்று. ஆண்களே தங்களிடம் முந்திக்கொள்கின்றனர், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று பெண்கள் முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்துப் போதித்தார்கள். மார்க்கத்தைக் கற்க அன்சாரிப் பெண்களுக்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் நாம் அறிந்ததே. ஜும்ஆவில் கேட்டு மகிழ்கிறோம். நம் மக்தபில் அந்தி வேளையில் ஓதவரும் சிறுமி சந்தேகம் கேட்டால் என்ன செய்கிறோம்?

நமக்கு அருகிலுள்ள நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் எழுதிய ‘காதலா கடமையா’ நாவல் 1938இல் வந்தது; உ.வே. சாமிநாதையர் அதற்கு அணிந்துரை அளித்தார். அவரைப் பெருமையோடு மேடைகளில் நினைவுகூர்கிறோம். அவரோடு மூன்றாம் வகுப்பில் இருந்து நின்றுபோன மற்றப் பிள்ளைகள் யார் என்று நமக்குத் தெரியாது.

இங்கே கல்வியாளர் வே. வசந்தி தேவி அவர்களைக் குறிப்பிட வேண்டும். 1992 முதல் 1998 வரை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், பின்னர் தமிழ்நாடு மாநில மகளிர் ஆணையத் தலைவராகவும் பணியாற்றிய அம்மையார் 2025 ஆகஸ்டில் மறைந்தார். எழுத்தாளர் சுந்தர ராமசாமியுடன் கல்வி குறித்து அவர் நடத்திய உரையாடல் நூலாக வந்துள்ளது. பெண்ணுக்கு நீதி, ஏழைக்கு நீதி, ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நீதி ஆகியவற்றை அவர் தனித்தனியே பார்த்தவரல்லர். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் அருகமைப் பள்ளி வேண்டும், அரசுப் பள்ளியைக் காக்க வேண்டும், பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்து கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக இறுதிவரை ஊர் ஊராகச் சென்றார்.

நம் வீடுகளைப் பாருங்கள். மகனைக் கடன் வாங்கியாவது தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறோம். மகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறோம். அரசுப் பள்ளி தாழ்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை; அங்கே படித்து உயர்ந்தோர் இந்த அவையிலேயே இருக்கின்றனர். ஆனால் மகளை அனுப்பிய பள்ளியின் பக்கம் நாம் எட்டிப்பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்த இடம் நம் தாய்மார்களுக்கு உரியது. கூட்டத்திற்குப் போக வீட்டார் அனுமதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

அடுத்து பைத்துல்மால். உதவிப் பதிவேட்டைப் புரட்டினால், பையன்களின் பொறியியல் கட்டணமே பக்கங்களை நிரப்புகிறது. பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகத் தடையாக இருப்பது பல சமயம் கட்டணம் அன்று. புதுச்சேரியில் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி 1968 முதல் இயங்குகிறது. மாலையில் பேருந்து தாமதமானால் பிள்ளை எப்படித் திரும்புவாள் என்பதுதான் தாய்மார்கள் எங்களிடம் சொன்ன கவலை. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து செல்ல ஒரு வேன் அமர்த்த ஆகும் செலவை நம் நிதியில் ஒரு தலைப்பாகச் சேர்க்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறோம். இதைச் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபணையை இங்கேயே சொல்லுங்கள், விவாதிப்போம்.

மக்தபிலும் வாரத்தில் ஒரு நாளைப் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கென்றே ஒதுக்க ஹஜ்ரத் அவர்கள் இசைந்துள்ளார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அவரவர் இல்லத்தில் சந்தித்து, மேற்கொண்டு என்ன படிக்க விருப்பம் என்று கேட்டுக் குறித்துவர, மூன்று சகோதரிகள் முன்வந்துள்ளனர். தேர்வு முடிந்த வாரத்தில் அவர்கள் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். பதிலைப் பிள்ளையே சொல்ல இடம் கொடுங்கள். வஸ்ஸலாம்.