மதுபோதையும் வீதி விபத்தும்: இருவகை வழக்குகள்

மூதூர்ப் பிரதேசத்திலுள்ள தோப்பூர், வயல்கள் சூழ்ந்த ஊர். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், திருகோணமலைக்குச் செல்வோர் கிண்ணியாவில் பாதைப்படகுக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது. வாகனங்கள் விரையும் வீதியில், மது அருந்திய சாரதி ஒருவர், துவிச்சக்கர வண்டியில் வரும் விவசாயி ஒருவரை மோதிவிட்டால் சட்டம் செய்வது யாது?

முதலாவது, அரசு நடத்தும் குற்றவழக்கு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரமே எல்லை. பரிசோதனைக்கு உடன்பட மறுக்கும் சாரதி, மாறானது நிறுவப்படும்வரை, மது அருந்தியவராகவே கொள்ளப்படுவார். எனினும், குற்றஞ் சாட்டப்பட்டவர் யாவரும் குற்றவாளியல்லர். குற்றம் நிறுவப்படும்வரை அவர் சுத்தவாளி. சட்டத்தரணி மூலம் வாதாடவும் உரிமையுடையவர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுவது இது.

இரண்டாவது, காயமுற்றவர் தாமே தொடுக்கும் நட்டஈட்டு வழக்கு. நீதவான் விதிக்கும் தண்டப்பணம் காயமுற்றவர் கைக்கு வருவதன்று. வைத்தியச் செலவையும் இழந்த உழைப்பையும் அவர் தனி வழக்கில் கோரலாம். ‘குற்றவழக்கு முடியட்டும்’ எனக் காத்திருப்பதில் பேராபத்து உண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு இரண்டு ஆண்டுகளே தருகின்றது.

ஆகவே, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்திய அறிக்கை, பற்றுச்சீட்டுகள், வாகன இலக்கம், மூன்றாந் தரப்புக் காப்புறுதி விவரம் ஆகியவற்றைப் பேணி வைத்தல் நன்று. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எதற்கும் முன்னர் விபத்து நிகழ்ந்த திகதியைக் குறித்துக்கொள்க. இரண்டாண்டுக் கணக்கு அன்றே தொடங்கிவிடுகின்றது.