பள்ளி விளையாட்டும் நடுவு நிலைமையும்

ஆடிக் காற்று வீசத் தொடங்கும் பொழுது மதுரை மாவட்டத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்களின் நடையே வேகம் பெற்றுவிடும். குறுவட்டப் போட்டிகள் நெருங்கிவிட்டன என்பது அதன் பொருள். பக்கத்துப் பள்ளிகள் பல சேர்ந்தது ஒரு குறுவட்டம். அதில் வென்றவர் வருவாய் மாவட்டப் போட்டிக்குச் செல்வர். அதிலும் வென்றவர் மாநிலப் போட்டிக்குச் செல்வர். குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்றும், பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்றும் இவற்றுக்குப் பெயர். 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர் பாரதியார். ஆதலின் அப்பெயர் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சற்று நெருக்கமானதே.

இப்போட்டிகளில் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கட்டணம் பெற்று நடத்தப்படும் தனியார் பள்ளி ஆகிய எல்லாவற்றின் மாணவரும் ஒரே கோட்டில் நின்று ஓடுகின்றனர். இது முறையா என்னும் வினா ஆண்டுதோறும் எழுகின்றது. பரிசளிப்பு மேடையில் ஒரே பள்ளியின் பெயர் பன்முறை ஒலிக்கக் கேட்டவர்கள், “அவர்களுக்குத் தனிப் போட்டி, நமக்குத் தனிப் போட்டி என்று வைத்துவிட்டால் என்ன?” என்று கேட்கின்றனர். கேள்வி எளியது, விடை அத்துணை எளியதன்று.

முதலாவதாக, பள்ளிகளை இரண்டு கூறாகப் பிரிப்பதே மதுரையில் கடினம். சேதுபதி பள்ளி, மதுரைக் கல்லூரிப் பள்ளி, தூய மரியன்னை பள்ளி ஆகியவை தனியார் நிருவாகத்தில் வளர்ந்தவை. ஆனால் இத்தகைய உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்க்கு ஊதியம் தருவது அரசு. பயிலும் பிள்ளைகளுள் எளிய குடும்பத்தவர் மிகப் பலர். ‘தனியார்’ என்ற ஒரு சொல்லைக் கொண்டு கோடு கிழித்தால், செல்லூர்த் தறிக்காரர் மகனும், ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பக்கத்தில் விழுவர்.

எனினும் வேற்றுமை உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே கூறுகின்றது. மாசி வீதிகளுக்கு உட்பட்ட நெருக்கத்தில் இருக்கும் பள்ளிகள் அத்திடலுக்கு எங்கே போகும்? காலை வணக்கம் நடக்கும் முற்றமே அவற்றின் கால்பந்துத் திடல், கபடித் திடல் எல்லாம். நகரின் புறத்தே, நான்குவழிச் சாலையோரம் எழுந்துள்ள புதிய தனியார் பள்ளிகளுக்கோ நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் வகையிலும் இதே நிலைதான். 2012ஆம் ஆண்டில் தமிழக அரசு 16,549 பகுதிநேரப் பயிற்றுநரை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத்தான் அவ்வெண்ணிக்கை. தொடக்கத்தில் மாத ஊதியம் ஐயாயிரம் ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாட்கள் பணி. தசையும் மூச்சும் நாள்தோறும் பழக்கத்தால் வளர்பவை. வாரத்தில் மூன்று அரை நாட்கள் வரும் ஆசிரியர், அவர் எத்துணைத் திறமை உடையவராயினும், என்ன செய்துவிட இயலும்?

விளையாட்டுக்கு விளையாட்டு இவ்வேற்றுமை மாறுகின்றது என்பதையும் கருத வேண்டும். ஓட்டம், நீளம் தாண்டுதல், கபடி, சிலம்பம் போன்றவற்றில் பொருட்செலவு குறைவு. அங்கே சிற்றூர்ப் பிள்ளைகள் இன்றும் முன்நிற்கின்றனர். நீச்சல், டென்னிசு, வாள்விளையாட்டு, சுவர்ப்பந்து ஆகியவற்றில் பள்ளியின் பணப்பை முதலில் விளையாடுகின்றது. பிள்ளை பிறகுதான் விளையாடுகின்றது. கபடியிலுங்கூட, மேல்நிலைப் போட்டிகள் விரிப்பின்மேல் நடைபெறத் தொடங்கிய பின்பு, மண்ணில் பழகிய கால்கள் வழுக்குகின்றன. கபடிக்கும் காலணி வாங்கும் காலம் வரும் என்று நம் பாட்டன்மார் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்!

வெளிநாடுகளில் இவ்வழக்கை எவ்வாறு தீர்த்தனர்? அமெரிக்காவில் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கை கொண்டு வகுப்புகளாகப் பிரித்துப் போட்டியிடச் செய்வர். இல்லினாய் மாநிலத்தில் 2005ஆம் ஆண்டில் ஒரு விதி கொணர்ந்தனர். தனியார் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கி, அப்பெருக்குத் தொகைக்குரிய பெரிய வகுப்பில் அப்பள்ளியை நிறுத்துவது என்பது அவ்விதி. கணக்கு அழகானதுதான். ஆனால் அது நமக்குப் பொருந்தாது. மதுரையில் எண்ணிக்கை வலிமை அன்று. மாநகராட்சியின் பெரிய பெண்கள் பள்ளியொன்றில் இருக்கும் கூட்டம், செல்வச் செழிப்புள்ள தனியார் பள்ளி பலவற்றில் இராது. இங்கே பெருக்கினாலும் வகுத்தாலும் நீதி கிடைக்காது.

டென்னசி மாநிலத்தார் செய்தது நம் சிந்தனைக்கு இன்னும் உரியது. 1997இல் அவர்கள் பள்ளிகளை இரு பிரிவாக்கினர். தனியார் பள்ளி எதுவாயினும் பிரிக்கவில்லை. விளையாடும் மாணவருக்குக் கட்டண உதவி அளிக்கும் தனியார் பள்ளிகளையே தனிப் பிரிவில் வைத்தனர். அதே ஆண்டில் பிரென்ட்வுட் என்னும் பள்ளியின் பயிற்சியாளர், எட்டாம் வகுப்புச் சிறுவர்களைப் பயிற்சிக்கு வருமாறு கடிதம் எழுதி அழைத்தார். ஆள் பிடிக்கலாகாது என்னும் விதியை இது மீறிற்று என்று விளையாட்டுச் சங்கம் தண்டித்தது. பள்ளி வழக்குத் தொடுத்தது. ஒரு கடிதத்துக்காக எழுந்த அவ்வழக்கு இருமுறை அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007இல், அத்தகைய விதியை வகுக்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்றே தீர்ப்பாயிற்று. திடலும் செல்வமும் உடையவராயிருப்பது அங்கே குற்றமாகவில்லை; பிறர் வளர்த்த பிள்ளையை அழைத்துக் கொள்வதே வழக்காயிற்று.

நம் ஊரில் இது எவ்வாறு நடக்கின்றது? மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளியை எண்ணிக் கொள்ளுங்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓடுகின்றாள். உடற்கல்வி ஆசிரியர் தம் கைப்பணத்தில் முட்டையும் சுண்டலும் வாங்கிக் கொடுத்து, கண்மாய்க் கரையில் இரண்டாண்டு ஓட விடுகின்றார். அவள் மாவட்டப் போட்டியில் இடம் பெறுகின்றாள். அடுத்த வாரமே ஒரு தனியார் பள்ளியின் வண்டி அவ்வீட்டு வாசலில் நிற்கின்றது. கட்டணம் இல்லை, விடுதி உண்டு, உணவு உண்டு, ஸ்பைக்ஸ் எனப்படும் ஆணிக் காலணியும் உண்டு. சூன் மாதத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தாய் வந்து நிற்கின்றாள். கொடுக்க மாட்டேன் என்று எந்த ஆசிரியர் சொல்லுவார்? சொல்லலாமா? அப்பிள்ளைக்கு அது நல்வாழ்வு அன்றோ! ஆயினும் அடுத்த ஆண்டு பரிசளிப்பு மேடையில் ஒலிக்கும் பெயர் வேறு பள்ளியின் பெயர். கண்மாய்க் கரைப் பள்ளியில் எஞ்சியிருக்கும் பிள்ளைகள், “நம் பள்ளியில் இருந்தால் வெல்ல முடியாது” என்ற பாடத்தை வாத்தியாரின்றியே படித்துக் கொள்கின்றனர்.

போட்டியைத் தனித்தனியே பிரித்தால் இச்சிறுமிக்கு என்ன கிடைக்கும்? அரசுப் பள்ளிகளுள் முதலிடம் என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதன் மதிப்பை உலகம் பாதியாகவே எண்ணும். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியை நினைவு கூர்வோம். இளமையிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். பள்ளி நாளில் வெறுங்காலோடு ஓடியவர். பயிற்சியாளர் கண்ணன் அவர் ஓட்டத்தைக் கண்டு, தயங்கிய பாட்டியிடம் எடுத்துரைத்துப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார். மதுரை லேடி டோக் கல்லூரியில் பயின்ற அவர், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். எல்லோரோடும் ஒரே கோட்டில் நின்று ஓடியதனால்தான் அவர் வேகம் வெளிப்பட்டது. கடிகாரம் எந்தப் பள்ளி என்று கேட்பதில்லை.

2020இல் மருத்துவக் கல்வியில் அரசுப் பள்ளி மாணவருக்கு ஏழரை விழுக்காடு இடம் ஒதுக்கிய சட்டத்தை இங்கே சிலர் சான்று காட்டுவர். அச்சட்டம் தேர்வை இரண்டாக்கவில்லை என்பதை அவர்கள் நோக்க வேண்டும். தேர்வு ஒன்றே, இடந்தான் ஒதுக்கப்பட்டது.

ஆகவே என் கருத்து இது. பிள்ளையின் ஓட்டம் வேறு, பள்ளியின் கேடயம் வேறு. நம் பள்ளிப் போட்டிகளில் முதலிடத்துக்கு ஐந்து, இரண்டாமிடத்துக்கு மூன்று, மூன்றாமிடத்துக்கு ஒன்று எனப் புள்ளியிட்டுச் சுழற்கேடயம் வழங்குவது வழக்கம். பள்ளி மாறி வந்த மாணவி அவ்வாண்டே ஓடட்டும். பதக்கமும் சான்றிதழும் முதலமைச்சர் கோப்பையின் பரிசுப் பணமும் அவளுக்கே ஆகட்டும். மாநில அளவில் தனிநபர் முதற்பரிசு ஓர் இலட்சம் ரூபாய். அதை அவளிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவள் ஈட்டும் புள்ளி, மாறி வந்து இரண்டாண்டு ஆகும் வரையில், புதிய பள்ளியின் கணக்கில் சேரலாகாது. அவளை வளர்த்த பள்ளியின் கணக்கில் சேர வேண்டும். மேடையில் இரு பள்ளிகளின் பெயரையும் வாசிக்க வேண்டும். இதற்குச் சட்டம் வேண்டா. கோடிக்கணக்கில் பணமும் வேண்டா. புள்ளிப் பதிவேட்டில் மற்றொரு பத்தி வேண்டும், அவ்வளவே.

அணி விளையாட்டில் இவ்வாறு புள்ளியைப் பிரித்தல் அரிது என்பர். உண்மையே. அங்கே, ஓர் அணியில் இத்தனை பேருக்கு மேல் புதிதாக வந்தவர் இருத்தலாகாது என்று வரம்பிடலாம். இவ்வரம்பு தனியார் பள்ளிக்கு மட்டும் ஆகாது. அரசின் விளையாட்டு விடுதியில் சேரும் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில் பயில்கின்றனர். அரசுப் பணத்தில் உண்டு, அரசுப் பயிற்சியாளரிடம் பயின்ற அவ்வணி, எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கின்றதோ அந்தப் பள்ளி வென்றதாகவே எழுதப்படுகின்றது. விடுதி அணியை விடுதி அணி என்றே களத்தில் இறக்கினால், ஏனைய பள்ளிகள் தம்முள் நேராகப் போட்டியிடும்.

இன்னுமொன்று. மாவட்டப் போட்டி பெரும்பாலும் மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் நடைபெறும். காலை ஏழு மணிக்குக் களத்தில் இருக்க வேண்டுமாயின், உசிலம்பட்டிக்கு அப்பாலுள்ள பிள்ளை நான்கு மணிக்கு எழ வேண்டும். முதல் பேருந்தில் நின்று கொண்டே வர வேண்டும். முந்திய நாள் இரவே விடுதியில் உறங்கி எழுந்த பிள்ளையோடு அது நூறு மீட்டர் ஓடுகின்றது. தொலைவிலிருந்து வருவோரின் ஓட்டங்களைப் பிற்பகலுக்கு மாற்றி வைக்க, நிகழ்ச்சி நிரல் எழுதுபவரின் பேனா ஒன்றே போதும்.