மருந்துக்கும் ஒரு கடப்பிதழ் வேண்டும்



வெளிநாட்டுக்குப் புறப்படும்போது கடப்பிதழை மூன்று முறை தொட்டுப் பார்க்கிறோம். ஆனால், தினமும் சாப்பிடும் மருந்தை எந்தப் பையில் வைத்தோம் என்று யோசிக்கிறோமா? நான் யோசிக்கவில்லை. அதனால் பட்ட பாட்டைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்து கொள்ள வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்திற்காக அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. கைப்பை கனக்க வேண்டாமே என்று மாத்திரை, இன்சுலின் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டது நான்தான். நாங்கள் போய் இறங்கினோம், பெட்டி வரவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.

மருந்துக் கடையில், “என்ன மாத்திரைம்மா, எத்தனை மில்லிகிராம்?” என்று கேட்டார்கள். “காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்” என்றார் அம்மா. ஊருக்கெல்லாம் தகவல் சொல்லும் எனக்கும் அதற்குமேல் தெரியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் அம்மா மண்டபத்தில் இல்லை. கிளினிக் நாற்காலியில் இருந்தார்.

அன்று கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி தொலையலாம் என்பது மட்டும் காரணமல்ல. விமானத்தின் சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்துவிடக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகினாலும் பயன்படாது.

இரண்டாவது, மருந்தை அதன் உறையிலிருந்து பிரிக்காதீர்கள். அரசாங்க மருத்துவமனையில் நம் பெயரும் அளவும் அச்சிட்ட பிளாஸ்டிக் பையில்தான் தருகிறார்கள். நாமோ அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டிக் கொள்கிறோம். அந்தப் பையில் விவரம் பெரும்பாலும் மலாயில் இருக்கும். ஆகவே, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். அதில் மருந்தின் பொதுப் பெயர் இருக்கட்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பொதுப் பெயரே சில இடங்களில் மாறுவதுண்டு. நம்முடைய பாரசிட்டமால், அமெரிக்காவில் அசிட்டாமினோஃபென்!

மூன்றாவது, பாதுகாப்புச் சோதனையில் எதையும் ஒளிக்காதீர்கள். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்டது. அதன் பிறகே 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு வந்தது. சில விமான நிலையங்கள் இப்போது தளர்த்தியிருந்தாலும், பல இடங்களில் அது இன்னும் உண்டு. பயணத்துக்குத் தேவையான மருந்துக்குப் பொதுவாக விலக்கு அளிக்கிறார்கள். ஊசியையும் மருந்தையும் தனியே எடுத்து, “இது என் மருந்து” என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

சோதனையைத் தாண்டினால் முடிந்ததா? இல்லை. போய் இறங்கும் நாட்டின் சட்டம் காத்திருக்கிறது. கோடீன் கலந்த மருந்து, டிரமடோல் போன்ற வலி மாத்திரைகளுக்கு ஐக்கிய அரபு சிற்றரசுகளில் முன் அனுமதி தேவை. சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டு போகவே முடியாது. சிங்கப்பூரிலும் சில தூக்க மாத்திரைகளுக்கும் வலி மருந்துகளுக்கும் முன் அனுமதி வேண்டும். ஜோகூர் பாலத்தைக் கடப்பதும் வெளிநாட்டுப் பயணம்தான், நேயர்களே! அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்.

“ஊரில் அண்ணனிடம் கொடுத்துவிடும்மா” என்று பக்கத்து வீட்டு அக்கா நீட்டும் மருந்துப் பொட்டலத்தை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். உங்கள் பையில் இருந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அடுத்த முறை அம்மாவோடு போனபோது, கைப்பையில் மருந்தும் கடிதமும் இருந்தன. அதிகாரி படித்தார், தலையசைத்தார், அனுப்பி வைத்தார். அவ்வளவுதான்.

இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். “வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை” என்பது நம் சமையலறையில் செல்லும். கடல் கடந்தால் செல்லாது.