குழந்தைக்கு இனிப்பை அளந்து கொடுப்பது கொடுமையா?



"பிள்ளை கேட்கிறது; கொடுத்தால் என்ன? தின்கின்ற அகவையில் தின்னாமல் பின் எப்பொழுது தின்னும்?" இவ்வாறு கேட்காத பாட்டியும் இல்லை; மாமனும் இல்லை. அன்பினால் எழும் கேள்வி அது. இகழ்ந்து தள்ளத் தக்கதன்று. ஆயினும் அன்பு செய்யும் பிழையையும் உடல் கணக்கு வைத்துக்கொள்கின்றது. அக் கணக்கை ஒரு நாடு தன்னை அறியாமலேயே எழுதிக் காட்டியிருக்கின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்துக்குச் சருக்கரையின் பெரும்பகுதி கப்பலில் வரவேண்டியிருந்தது. கடல்வழியைப் பகைவர் மறித்தனர். எனவே 1940 சனவரியில் அந் நாட்டரசு சருக்கரைக்குப் பங்கீடு வகுத்தது. 1942 சூலையில் இனிப்புக்கட்டிகளுக்கும் வகுத்தது. போர் முடிந்த பின்னும் பங்கீடு முடியவில்லை. 1949 ஏப்பிரலில் இனிப்புகளின் மேலிருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தனர்; வாங்குவோர் வேட்கைக்கு ஈடுகொடுக்க இயலாமல் நான்கே திங்களில் மீண்டும் கட்டினர்! 1953 பிப்பிரவரியில் இனிப்புகளும், செப்தம்பரில் சருக்கரையும் விடுபட்டன. அதன்பின் ஆள் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட சருக்கரை ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை உயர்ந்தது.

பங்கீடு நீங்குமுன் கருவாகிப் பிறந்தவரும், நீங்கிய பின் கருவாகிப் பிறந்தவரும் ஒரே நாட்டார். ஓரிரண்டு ஆண்டே இளையவர், மூத்தவர். ஆயினும் முன்னவரின் முதல் ஆயிரம் நாள்கள், கருவறை நாள்களும் உட்பட, சருக்கரை குறைந்த நாள்கள். பின்னவர்க்கு அவ்வாறு வாய்க்கவில்லை. ஐம்பது அகவை கடந்துவிட்ட அவ்விரு சாராருள் ஏறத்தாழ 60,000 பேரை ஒப்பிட்ட ஆய்வொன்று 2024-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் சருக்கரை குறைவாகப் பெற்றவர்க்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35 அளவும், குருதிக் கொதிப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 அளவும் குறைந்திருந்தன. நோய் வந்தவர்க்கும் நீரிழிவு நான்காண்டும், கொதிப்பு ஈராண்டும் பிந்தியே வந்தன. அப் பயனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கருவறையிலேயே கிடைத்துவிட்டதென்றும் அவ்வாய்வு கணித்தது. அத் தாய்மார் எவரும் பிள்ளையை ஒறுத்தவர் அல்லர். வீட்டில் இல்லாததை அவர்களால் கொடுக்க முடியவில்லை, அவ்வளவே.

மற்றொரு சான்று, இழிவும் பயனும் ஒருங்கே கலந்தது. சுவீடனில் விப்பெகோல்ம் என்னும் மருத்துவ இல்லத்தில், ஒப்பவோ மறுக்கவோ இயலாத அறிவுவளர்ச்சி குன்றியோர்க்கு, 1940-களின் இறுதியில், பற்களில் ஒட்டிக்கொள்ளும் இனிப்புக்கட்டிகளை வேண்டுமென்றே தின்னக் கொடுத்து ஆராய்ந்தனர். பலருடைய பற்கள் பாழாயின. மாந்தர்க்கு மாந்தர் செய்யத் தகாத செயல் அது. ஆனால் அவ்வேழைகள் இழந்த பற்களால் உலகம் ஒன்றை அறிந்தது. உணவோடு சேர்த்து உண்ட சருக்கரை விளைத்த கேடு சிறிது. உணவு வேளைகளுக்கிடையே ஓயாமல் மென்ற ஒட்டும் இனிப்பு விளைத்த கேடோ மிகப் பெரிது.

இதன் கரணியம் எளிது. பல்லிடுக்கில் வாழும் நுண்ணுயிர்கள் சருக்கரையைத் தின்று காடியை வெளிவிடுகின்றன. அக் காடி பல்லின் மேலோட்டைக் கரைக்கின்றது. அதனை உமிழ்நீர் ஆற்றுதற்கு அரைமணி நேரமளவு வேண்டும். மணிக்கொரு முறை வாயில் ஓர் இனிப்பு விழுமாயின், ஆறுவதற்கு வேளை ஏது? சுவீடன் மருத்துவத் துறையினர் 'இனிப்பு கிழமைக்கு ஒருநாள் போதும்' என்றனர். இன்றும் அந் நாட்டுக் குழந்தைகளுக்குக் காரிக்கிழமைதான் இனிப்பு நாள்.

இவ்விடத்தில் தமிழன்பர் சிலர் தம் வீட்டை எண்ணி மகிழக்கூடும்: 'இங்கே அயலார் பண்டம் நுழைவதில்லை, கருப்பட்டியும் கடலையுருண்டையுமே கொடுக்கின்றோம்.' கருப்பட்டியின் மணம் உயர்ந்தது. பனைத்தொழிலாளர்க்கு அது வாழ்வும் ஆகும். ஆயினும் பல்லுக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாது. எதிலிருந்து வந்தாலும் சருக்கரை சருக்கரையே. இன்னும் சிலர் வீட்டிலோ சாக்கலேட்டு என்னும் சொல்லுக்கு நல்ல தமிழ்ச் சொல் தேடும் முயற்சி நடக்கும். பண்டம் மட்டும் நாள்தோறும் பிள்ளையின் கைக்கு வந்துகொண்டேயிருக்கும்!

இனி, அளவிடும் முறையிலும் ஒரு பிழை நேர்வதுண்டு. அமெரிக்காவில் 1999-இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிறு பிள்ளைகளின் கண்முன்னே தின்பண்டத்தைத் தெளிந்த கலத்தில் வைத்துச் சற்று நேரமே எடுக்கவிட்டனர். அதனைப் பற்றிய பேச்சும், கேட்டலும், கைநீட்டலும் பெருகின. அடுக்களையின் மேல்தட்டில் பளபளக்கும் பொதியை வைத்துவிட்டு, 'தொடாதே' என்று அதட்டுகின்ற தாய் அவ்வாய்வைத்தான் தம் வீட்டில் நடத்துகின்றார். 'கீரையைத் தின்றால் இனிப்புத் தருவேன்' என்கின்ற தந்தையோ, கீரை ஒறுப்பு, இனிப்பே பரிசு என்று கற்பிக்கின்றார். அளவு வைக்க வேண்டிய இடம் கடைவாயில். வீட்டுக்குள் வந்துவிட்டதைப் பிள்ளையிடமிருந்து காத்தல் அரிது. வாராமல் தடுத்தல் எளிது.

எவ்வளவு என்பதற்கு வரையறையும் உண்டு. இரண்டு அகவை நிரம்பாத குழந்தைக்குக் கூட்டப்பட்ட சருக்கரையே வேண்டா. அதன்மேல் பதினெட்டு அகவை வரை நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்க நெஞ்சகநலக் கழகம் 2016-இல் அறிவித்தது. 300 மில்லி குளிர்குடிப்பு ஒன்றிலேயே பொதுவாக 30 கிராமளவு சருக்கரை கரைந்துள்ளது. கொழுப்பும் உப்பும் சருக்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளிவாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாதென 2020-இல் இந்திய நடுவணரசின் விதியும் வந்துவிட்டது. ஐம்பத்தொன்றாம் மீட்டரில் இருக்கும் கடைக்குப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் பெற்றோரே ஆயின், எவ்விதி என்ன செய்யும்?

பேரப்பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு வர ஒப்பாத தாத்தாவைத் தடுக்க வேண்டியதில்லை. கொய்யாவோ, வாழைப்பழமோ, அவித்த பனங்கிழங்கோ கொண்டுவரட்டும். கடலையாயின் ஒன்றை மட்டும் அவர்க்குச் சொல்லிவைத்தல் நன்று: ஐந்து அகவைக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், இடித்தே கொடுக்க வேண்டும்.