கல்லூரி மாறலாமா?

(மாட்டுங்காவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஏதாவது ஆன்மிக விஷயம் பேசுவேன் என்று செயலாளர் எதிர்பார்த்திருப்பார். மன்னிக்கவும், எங்கள் ஆத்தில் ஒரு மாதமாக நடக்கும் விவாதத்தையே கொண்டு வந்திருக்கிறேன்.

என் பேத்தி செம்பூரில் பி.எஸ்ஸி. முதல் வருஷம் முடித்திருக்கிறாள். நல்ல மார்க். இரண்டாம் வருஷத்துக்குத் தெற்கு மும்பையில் பெரிய பெயருள்ள கல்லூரிக்கு மாற நினைக்கிறாள். "தாத்தா, நீங்க என்ன சொல்றேள்?" என்றாள். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. 1970-ல் இதே கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொன்னவன் நான்.

அப்போது இன்டர் சயன்ஸ் தேறியிருந்தேன். கல்லூரி வீட்டுக்குப் பக்கத்தில். கெமிஸ்ட்ரி புரொஃபசர் ஒருவர் எனக்காகச் சாயங்காலம் ஆறு மணி வரை லேபைத் திறந்து வைத்திருப்பார். அவரை விட்டு, பெயருக்காக மாறினேன். அப்பாவுக்கு ஏகப் பெருமை. மாட்டுங்கா மார்க்கெட்டில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். புது இடத்தில் என்னை யாருக்கும் தெரியாது, கேள்வி கேட்கவும் கூச்சம். சந்தேகங்களை வி.டி.யிலிருந்து அப்படியே ரயிலில் திருப்பிக் கொண்டு வந்தேன். கடைசி வருஷத்தில் முதல் வகுப்பு நான்கு மார்க்கில் போயிற்று, எம்.எஸ்ஸி. இடமும் போயிற்று. அரசாங்க உத்தியோகம் கைகொடுத்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவிடம் "பேப்பர் கஷ்டம்" என்று சொன்னதோடு சரி. உண்மையை இன்றுதான் நாலு பேர் முன்னால் சொல்கிறேன்.

இதில் வேடிக்கை, அன்று இரண்டு கல்லூரிக்கும் பம்பாய் பல்கலைக்கழகத்தின் ஒரே பாடத்திட்டம், ஒரே கேள்வித்தாள், ஒரே பட்டம். இன்று பாடத்திட்டமும் கேள்வித்தாளும் அப்படியில்லை. சேவியர்ஸ் 2010-லும், நம் ரூயா 2017-லும் தன்னாட்சி பெற்றுவிட்டன. பாடத்திட்டம் அவர்களே வகுப்பது. ஆகவே படித்து முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டை ஏற்பார்களா, எந்தப் பாடத்தை மறுபடி எழுதவேண்டும் என்று எழுத்தில் வாங்காமல் டி.சி.யில் கைவைக்கக் கூடாது. முன்னாள் அதிகாரி புத்தி, எதையும் எழுத்தில் கேட்கும்!

பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வருபவர்கள் பெயரைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இதே மாட்டுங்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1933-ல் தொடங்கிய யு.டி.சி.டி., இன்றைய ஐ.சி.டி., நமக்குத் தெரியாததல்ல. 1970-களில் ஐ.ஐ.டி.யை விட்டு அதைத் தேர்ந்தெடுத்ததாக முகேஷ் அம்பானியே சொல்லியிருக்கிறார். புரொஃபசர் எம்.எம். சர்மாவின் முதல் வகுப்பு தம்மைக் கவர்ந்ததாகவும் சொல்லியிருக்கிறார். சர்மா 1990-ல் ராயல் சொசைட்டி ஃபெலோ ஆனவர். 2025-ல் அம்பானி குருதட்சிணையாக அந்த நிறுவனத்துக்கு 151 கோடி ரூபாய் அறிவித்தார். அவருக்கு வீட்டில் வசதி இருந்தது, நமக்கு மார்க் ஷீட்தான் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அவர் போர்டைப் பார்க்காமல் வகுப்பைப் பார்த்தார் அல்லவா? நான் 1970-ல் போர்டை மட்டும் பார்த்தேன்.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீங்க கேள்வி கேட்கக் கூச்சப்பட்டேள், நான் படமாட்டேன்" என்றாள். அதுவும் நியாயம்தான். வருகிற திங்கட்கிழமை அந்தக் கல்லூரிக்குப் போய், லேபைப் பார்த்து, அங்கே படிக்கும் இரண்டு பெண்களிடம் பேசிவிட்டு வருகிறாள். துணைக்கு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.